ஆளில்லாமல் திரும்பிய வேன்

என் காரில் முதன்முதலாக ஏறிய நாளில் பெரியம்மா ஒரு காலி அரிசிப் பையோடு வந்தார். பத்துக் கிலோ அரிசி வரும் பிளாஸ்டிக் பை. இரண்டு பக்கமும் கத்தரித்து, மடித்து, அக்குளில் இடுக்கியிருந்தார். பழைய கார்தான், மூன்று பேரிடம் ஓடிவிட்டு என்னிடம் வந்தது. ஆனாலும் எங்கள் குடும்பத்தில் நான்கு சக்கரத்தோடு வாசலில் நின்ற முதல் வண்டி அது. பெரியம்மா பின்கதவைத் திறந்து, இருக்கைமேல் பையை விரித்து, ஓரம் சுருங்காமல் உள்ளங்கையால் நீவிவிட்டு, அதன்மேல் உட்கார்ந்தார். "என்னா பெரியம்மா, சீட்டுல சேறா இருக்கு?" என்றேன். "காரு புதுசுடா. என் சீலையெல்லாம் பழத்தோட கறை. படிச்ச புள்ள காருல ஒட்டலாமா?" என்றார். பகாவ் பட்டணம் போய்ச் சேரும்வரை அந்தப் பை அவருக்குக் கீழே சரசரத்துக்கொண்டே வந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கிளினிக்கில் கூட வேலை செய்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன். அந்தப் பை எதற்காக என்று எனக்கு விளங்க ஒன்றரை வருடம் ஆனது. நான் தாதியர் கல்லூரியில் மூன்று வருடம் படித்தவன்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. பகாவிலிருந்து அரை மணி நேரம் உள்ளே போக வேண்டிய, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில்தான் எங்கள் குடும்பத்துக்குக் கூலி வேலை. அம்மா சிரம்பான் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போய், அங்கேயே விடுதியில் தங்கிவிட்டதால் நான் வளர்ந்தது தொழிலாளர் லயத்தில் பெரியம்மாவின் வீட்டில். அவருக்கும் பெரியப்பாவுக்கும் பிள்ளை இல்லை. குலை வெட்டுகிறவர்களுக்குப் பின்னால் போய், உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் நிரப்புவது அவர் வேலை. முள் குத்திக் குத்தி விரல் நுனிகள் கறுத்திருக்கும். வாய் அந்த முள்ளைவிடக் கூர்மை. நான் ஆறாம் படிவம் முடித்துத் தாதியர் படிப்புக்குப் போகிறேன் என்றபோது லயமே சிரித்தது. எங்கள் பக்கம் தாதியை 'மிசி' என்பார்கள், கால்சட்டையைச் 'சிலுவார்' என்பார்கள். "ஆம்பள மிசியா? பாவாட தச்சாச்சா?" என்று குழாயடியில் ஒருத்தி கேட்டாள். பெரியம்மா தூக்கிய வாளியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "ஒன் புருசன் குடிச்சிட்டுக் கால்வாயில வுழுந்து கெடக்கறப்ப என் புள்ளதான் வந்து தூக்கும். அப்ப பாவாடையா சிலுவாரான்னு நல்லா பாத்துக்க." எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை என்னைவிட அவருக்குத்தான் அதிகம்.

அவருக்கென்று இருந்த இன்னொரு பெருமை அம்மன் பானை. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் காலையில் பொங்கும் முதல் பானை அம்மனுக்கு. அதை எல்லாரும் வைத்துவிட முடியாது. மாதவிலக்கு நின்றுபோன ஒரு பெண்ணைத் தோட்டத்தார் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். காப்புக் கட்டிய நாளிலிருந்து அவள் விரதம் இருப்பாள், தோட்டத்து எல்லையைத் தாண்ட மாட்டாள், திருவிழா அன்று அவள் கையால்தான் அம்மனுக்கு முதல் படையல். பெரியம்மாவுக்கு அது ஐம்பதாவது வயதில் கிடைத்தது. அதுவரை அவரைக் கல்யாண வீட்டில் தட்டெடுக்கக் கூப்பிட்டதில்லை. வளைகாப்பில் அடுப்படியோடு நிறுத்திவிடுவார்கள். பிள்ளை பெறாதவள் என்று முகத்துக்கு நேராக யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அப்படிப்பட்டவரிடம் பொங்கல் வாங்க முதல் வருடம் மொத்தத் தோட்டமும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றது. அவர் நிமிர்ந்து நின்றதை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். ஒரு துளி இரத்தம் பட்டது என்று வெளியே தெரிந்தால் அந்தப் பானை வேறு கைக்குப் போய்விடும். எனக்கு இது தெரியாதது அல்ல. நான் அந்தத் தோட்டத்துப் பிள்ளை.

கார் வாங்கிய இரண்டாவது மாதம் எங்கள் கிளினிக்கிலிருந்து தோட்டங்களுக்குப் போய்ப் பெண்களுக்கான புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் நடத்த முடிவாயிற்று. எங்கள் மூத்த தாதி ஒரு மலாய்க்கார அம்மா. நாங்கள் எல்லாரும் 'காக்' என்று கூப்பிடுவோம், அக்கா என்ற அர்த்தத்தில். தமிழ்ப் பெண்கள் பரிசோதனைக்கே வருவதில்லையே, எங்கே வைத்தால் வருவார்கள் என்று என்னைக் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. கோயில் மண்டபம் என்றேன். திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கிறது, பெண்கள் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள் என்றேன். மாதவிலக்கில் இருப்பவர்கள் கோயில் வாசலை மிதிக்க மாட்டார்கள் என்பதை ஒரு மலாய்க்கார அம்மா அறிந்திருக்க வழியில்லை. அறிந்திருந்த ஒரே ஆள் நான். யாருக்கு இரத்தம் போகிறது என்று தேடிப் போகும் ஒரு முகாமை, இரத்தம் போகிறவர்கள் நுழைய முடியாத இடத்தில் வைத்தேன். அதற்காகக் கோயில் தலைவரிடம் போய் அனுமதி வாங்கி, அவருக்கு நன்றியும் சொன்னேன்.

ஆண் என்பதால் எனக்குப் பரிசோதனை வேலை கிடையாது. பெயர் எழுதும் மேசையில் உட்காரவைத்தார்கள். தமிழில் கேள்வி கேட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். மார்பகப் பரிசோதனை உள்ளே திரைக்குப் பின்னால் காக் செய்வார். கருப்பை வாய்ப் பரிசோதனைக்குப் பிறகொரு நாள் கிளினிக்குக்கு வரச் சொல்லிச் சீட்டுக் கொடுப்போம். விலக்கு நின்ற பிறகும் இரத்தம் படுகிறது என்று யாராவது சொன்னால் அவர்களைக் காத்திருக்க விடக்கூடாது. அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போக, மண்டப வாசலில் கிளினிக் வேன் நின்றது. இதை நான் ஒலிபெருக்கியில் எல்லாருக்கும் விளக்கமாகச் சொன்னேன். அந்த வேனில் ஏறுகிறவள் எதற்காக ஏறுகிறாள் என்று தோட்டத்துக்கே தெரிய வேண்டிய வழியை நானே செய்துகொடுத்தேன்.

பெரியம்மாதான் முதல் ஆளாக வந்தார். என் பிள்ளை நடத்துகிற முகாம், நான் வராவிட்டால் மற்றவர்கள் எப்படி வருவார்கள் என்று நினைத்திருப்பார். அரக்குநிறச் சேலை. அவருக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பெயர், வயது, அடையாள அட்டை எண் எல்லாம் ஆன பிறகு, எல்லாருக்கும் கேட்கும் குரலில் நான் கேட்டேன். கூச்சப்படாமல் கேட்க வேண்டும் என்று பாடத்தில் படித்திருந்தேன்.

"பெரியம்மா, மாசம் நின்னதுக்கு அப்புறம் எப்பவாச்சும் ரத்தம் பட்டுச்சா?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரியம்மா என்னைப் பார்த்தார். பிறகு என் பேனாவைப் பார்த்தார்.

"இல்ல."

"வெள்ளப்படறது, நாத்தம்?"

"அம்மன் பானை வெக்கறவகிட்ட கேக்கற கேள்வியாடா இது?" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இரண்டு கட்டத்திலும் 'இல்லை' என்று குறியிட்டேன். அவருக்குப் பின்னால் வந்த ஒவ்வொருத்தியும் அதையேதான் சொன்னாள். வேன் ஆளில்லாமல் திரும்பியது. போகும்போது நான் காக்கிடம், "பாத்தீங்களா, எங்க தோட்டத்துல ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல" என்றேன். நல்ல செய்தியைச் சொல்வதுபோல.

சீட்டில் கொடுத்த நாள் காப்புக் கட்டியதற்கு மறுநாள் விழுந்தது. எல்லை தாண்டக்கூடாது என்று பெரியம்மா வரவில்லை. வேறு நாள் போட்டுக் கொடுத்தேன். பெரியப்பாவுக்குக் காய்ச்சல் என்றார். அதற்கடுத்த நாளுக்கு மழை. 'இல்லை' என்று சொன்னவர்களை விரட்டிப் பிடிக்க வேண்டியதில்லை என்பது எங்கள் நடைமுறை. நானும் விரட்டவில்லை. அந்தத் திருவிழாவில் பானை நன்றாகப் பொங்கியது. அடுத்த வருடத் திருவிழாவிலும் பொங்கியது. இரண்டு தடவையும் நான் விடுப்பு எடுத்துப் போய், அவர் கையால் வாங்கிச் சாப்பிட்டேன்.

இரண்டாவது திருவிழா முடிந்து மூன்று மாதம் இருக்கும். பழம் பொறுக்கிக்கொண்டிருந்தவர் சாக்கின்மேலேயே சாய்ந்துவிட்டார். டிராக்டரில் தூக்கிப்போட்டு எங்கள் கிளினிக்குக்குக் கொண்டுவந்தார்கள். நான் திரைக்கு வெளியே நின்றேன். உள்ளே காக் ஏதோ கேட்பதும், பெரியம்மா தனக்குத் தெரிந்த சந்தை மலாயில் பதில் சொல்வதும் கேட்டது. இரத்தம் படத் தொடங்கி இரண்டு வருடம், அதற்கு மேலும் இருக்கும் என்றார் பெரியம்மா. காக்கிடம் அது எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது! காக் வெளியே வந்து கையுறையைக் கழற்றி, என்னை நிமிர்ந்து பார்க்காமல், "உன் பெரியம்மாவின் பழைய படிவம் எங்கே?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். பார்த்தார், என் கையெழுத்து. கோப்பில் வைத்து மூடினார். அப்போதுதான் காரின் பின்னிருக்கையில் சரசரத்துக்கொண்டு வந்த பை எனக்கு விளங்கியது.

கருப்பை வாய்ப் புற்றுநோய். இடுப்பெலும்புப் பக்கச் சுவர்வரை பரவி ஒரு சிறுநீரகத்தை அடைத்துவிட்டது. அறுவை செய்யும் கட்டம் தாண்டிவிட்டது. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் என்று டாக்டர் சொல்லத் தொடங்கி, நான் தாதி என்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். கதிர்வீச்சுக்குக் கோலாலம்பூர் போக வேண்டியிருந்தது. ஐந்து வாரம், வாரத்தில் ஐந்து நாள், நடுவில் மருந்து ஏற்றுவது வேறு. திங்கட்கிழமை கொண்டுபோய் நோயாளிகள் விடுதியில் விட்டு, வெள்ளிக்கிழமை கூட்டிவருவேன். அடிவயிற்றில் மையால் கோடு போட்டு, அழியாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். "நம்ம தோட்டத்துல வெட்டிச் சாய்க்கப் போற மரத்துக்குத்தான்டா கோடு போடுவான்," என்றார் பெரியம்மா. வழியெல்லாம் வாந்தி எடுத்தார். எடுத்து முடித்து வாயைத் துடைத்ததும், "நிறுத்தாத, ஓட்டு. ஒன் கிளினிக்கு வேன விட இது தேவல," என்பார். அந்த வேன் பேச்சை அவர் ஒருநாளும் விட்டதில்லை. என்னைக் குத்திப் பார்க்க வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் எடுத்துக்கொள்வார். அதற்கு அவருக்கு உரிமை இருந்தது.

டிராக்டரில் தூக்கிப்போட்டவர்கள் சும்மா இருப்பார்களா? அவர் முதல் வாரச் சிகிச்சை முடிந்து திரும்புவதற்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. கோயில் தலைவர் இரண்டு பேரோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, வேலிக்கு வெளியே நின்றார். "ரெண்டு வருசமும் தீட்டோடதான் பானை வெச்சியா?" என்று கேட்டார். பெரியம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அம்மா ஏத்துக்கிட்டா. பொங்குச்சா இல்லியா?" என்றார்.

"அதான் அடிச்ச காத்துல ரெண்டு லயத்துக் கூரை போச்சு. கங்காணி பேரன் மோட்டர் சைக்கிள்லேருந்து வுழுந்து செத்தான். எல்லாம் ஒன்னாலதான்."

"கூரை எதுக்குப் போச்சுன்னு எனக்குத் தெரியாது. நோவு எனக்குத்தானே வந்துச்சு? நீங்க திங்கிற சோறு நல்லாத்தானே எறங்குது? போங்க."

கோயிலைக் கழுவிச் சாந்தி பூசை செய்தார்கள். அதற்கு எல்லா வீட்டிலிருந்தும் ஆள் போனார்கள். பெரியப்பாவும் போனார். ஒரு வாரத்தில் தன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, தோட்டத்து வாசலில் இருக்கும் காவல் குடிசைக்குக் குடிபோனார். ஒட்டிக்கொள்ளும் நோய் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒட்டாது என்று படம் வரைந்து காட்டினேன். "நீ சொல்லுவ. ஒனக்கென்ன, ஊசி போட்டுக்குவ," என்றார். முப்பது வருடம் கூடக் குடித்தனம் செய்தவரின் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எங்கிட்டயே மறைச்சாளே, அவ பொம்பளயா?"

சிகிச்சை முடிந்த பிறகு நாலைந்து மாதம் நன்றாக இருந்தார். நடந்தார், சமைத்தார், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சண்டைகூடப் போட்டார். பிறகு நோய் திரும்பியது. நோய் தின்ற இடத்தில் ஓட்டை விழுந்து, சிறுநீர் அடக்க முடியாமல் கசிந்துகொண்டே இருந்தது. அந்த நாற்றத்தைப் பற்றி எழுதாமல் விட்டால் நான் பொய் எழுதுகிறவன் ஆவேன். அது சதை அழுகும் வாடை, துணியில் ஏறும், சோற்றில் ஏறும். வாடையைக் குறைக்கும் மாத்திரையைப் பொடிசெய்து தூவுவோம். கட்டிலுக்கு அடியில் தட்டில் கோப்பித் தூள் பரப்பி வைப்போம். எங்கள் வீட்டில் கோப்பி குடிப்பதை அன்றோடு விட்டேன். காக் வாரத்தில் இரண்டு நாள், வேலை முடிந்து வந்து துணி மாற்றிவிடுவார். மற்ற நாளைக்கு யாராவது வேண்டும். குழாயடிக்குப் போய், அவர் கையால் பொங்கல் வாங்கியவர்கள் ஒவ்வொருவரையும் கேட்டேன். அம்மாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை, கிடைத்த நாளிலும் வாசலோடு அழுதுவிட்டுப் போனாள். கடைசியில் நான்தான் மாற்றினேன்.

முதல் நாள் பெரியம்மா என் கையை அறைந்தார். "போடா வெளிய. ஆம்பள மிசி வேணாம் எனக்கு." அழுதார். பத்து நிமிடம் கழித்து, ஈரம் முதுகுவரை ஏறியதும், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதுதான் அவர் தந்த அனுமதி. பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். என்னைக் குளிப்பாட்டி வளர்த்தவர், நான் வேலை முடிக்கும்வரை சுவரைப் பார்ப்பார். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்த பிறகுதான் என் பக்கம் திரும்புவார். ஒருநாள் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "அன்னைக்கு மேசையில நா கேட்டப்ப ஏன் பெரியம்மா சொல்லல?"

"நீ கேட்டியே, அதான்," என்றார். "அந்த எடத்துல எவனோ ஒரு சீனன் உக்காந்திருந்தா சொல்லித் தொலைச்சிருப்பேன். காக்கு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஒங்கிட்ட எப்படிடா சொல்லுவேன்? அதுவும் அவளுங்க காதத் தீட்டிக்கிட்டு நிக்கறப்ப." பிறகு கொஞ்சம் இளகிய குரலில், "படிக்க வெச்சது நாந்தானே," என்றார். அது எனக்குச் சொன்ன சமாதானமா, தனக்கே போட்டுக்கொண்ட அடியா என்று இன்றுவரை தெரியவில்லை.

இப்போது நாங்கள் முகாமைக் கோயிலில் வைப்பதில்லை. கேள்விகளைத் திரைக்கு உள்ளே பெண் தாதிகள் கேட்கிறார்கள். கருப்பை வாய்ப் பரிசோதனைக்குத் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கும் சின்னக் குச்சி வந்துவிட்டது. வீட்டிலேயே எடுத்து உறையில் போட்டுத் தந்தால் போதும், யாரும் பார்க்க வேண்டியதில்லை. வாசலில் வேன் நிறுத்துவதில்லை, டாக்டரைப் பார்க்க வேண்டியவர்களுக்குத் தனியாகத் தொலைபேசி போகும். இதையெல்லாம் நான் சொன்னதும் காக் உடனே ஒத்துக்கொண்டார். கூட்டங்களில் இதை நல்ல முறை என்று பாராட்டுகிறார்கள், என்னை எழுந்து நின்று விளக்கச் சொல்கிறார்கள். எழுந்து விளக்குகிறேன். இந்த அறிவு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

மூன்றாவது திருவிழா வந்தபோது பெரியம்மா மார்ஃபின் என்னும் வலிமருந்தில் இருந்தார். எழுந்து உட்கார முடியாது. அம்மன் பானையைப் பக்கத்து லயத்துப் பெண்ணொருத்தி வைத்தாள். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் ரதம் லயங்களைச் சுற்றி வரும், வீட்டுக்கு வீடு நிற்கும், பூசாரி தேங்காய் உடைத்துத் தீபம் காட்டித் திருநீறு தருவார். அது மட்டும்தான் அவர் மனதில் இருந்தது. காலையிலிருந்தே வேலை ஏவினார். வாசல் தெளிக்கச் சொன்னார், தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை, கற்பூரம் வைக்கச் சொன்னார். தன் தலையை வாரிவிடச் சொன்னார். "சன்னலத் தொறந்து வெய்யி. சத்தமாவது கேக்கட்டும்."

நான் தட்டோடு வேலியருகில் நின்றேன். உறுமி மேளம் நெருங்கி வந்தது. முந்தின வீட்டில் ரதம் நின்றது. தேங்காய் உடைந்தது. பிறகு தலைவர் ரதத்தை இழுக்கும் டிராக்டரை ஓட்டுகிறவனைப் பார்த்துக் கையை முன்னால் அசைத்தார். ரதம் எங்கள் வாசலில் நிற்காமல் நகர்ந்தது. மேளக்காரப் பையன்கள் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்து அடித்தார்கள். நான் தட்டோடு ஓடினேன்.

"தலைவரே, ஒரு நிமிசம். கடைசித் திருவிழா அவுங்களுக்கு. நின்னுட்டுப் போங்க."

"தம்பி, நீ படிச்சவன், ஒன்னையே கேக்கறேன்," என்றார், நடந்துகொண்டே. குரலில் கோபம் இல்லை. "அன்னைக்கு எங்க மண்டபத்துல எல்லார் முன்னாலயும் நீதானே கேட்ட? அவதானே இல்லன்னு சொன்னா? எங்கள எதுக்குக் கேக்கற?"

ரதம் அடுத்த வீட்டில் நின்றது.

உள்ளே போனேன். பெரியம்மா கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தார். "நின்னுச்சாடா?"

"நின்னுச்சு பெரியம்மா."

"தேங்கா ஒடச்ச சத்தம் கேக்கலியே?"

"மேளத்துல கேட்டிருக்காது."

"அப்ப மூடி எங்க? கொண்டா."

சமையலறைக்குப் போய்த் தட்டிலிருந்த தேங்காயை அரிவாளின் பின்பக்கத்தால் உடைத்தேன். ஒரே அடியில் பிளக்கவில்லை. ஒரு பாதியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தேன். பெரியம்மா அதைக் கண்ணருகில் கொண்டுபோகவில்லை. முள் குத்திக் கறுத்த கட்டைவிரலால் ஓட்டின் விளிம்பை ஒரு சுற்றுத் தடவினார். பாதியில் பிளந்து பல்லுப் பல்லாக நின்ற இடத்தில் விரல் நின்றது.

"பூசாரி ஒடச்சா இப்பிடிக் கோணலா போவாதுடா," என்றார்.

அவர் மூடியை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"வீணாக்காத. சட்டினிக்கு ஆவும்," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். துணி மாற்ற அது நேரமில்லை.